பைக் பேட்டரிக்குக் குளிரைவிடக் கெட்டது பட்டினி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குளிர்கால மாதங்களில் பைக்கை ஓட்டாமல் மூடி வைப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வந்த குறிப்புகளைப் படித்தோம். டயர், பெட்ரோல், செயின் பற்றிச் சொன்னவற்றில் எங்களுக்கு மறுப்பில்லை. பேட்டரி பற்றிய ஒற்றை வரிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது: வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகிவிடும் என்பது. காலங்காலமாகச் சொல்லப்படுவதுதான். ஆனால் அதை நம்பி விட்ட பேட்டரிகள்தான் குளிர் விட்டதும் எங்களைப் போன்ற இருசக்கர வாகன எலெக்ட்ரீஷியன்களிடம் வந்து சேர்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள ஒரு பைக் (ஆம்பியர்-அவர் என்பது கொள்ளளவு, கரண்டை மணி நேரத்தால் பெருக்கி வருவது). சாவியைக் கழற்றிய பிறகும் கடிகாரம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ, திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். வயரிங்கில் குறை ஏதும் இல்லாத வண்டியில் இது பெரும்பாலும் 1 முதல் 3 மில்லி ஆம்பியர். மூன்று என்றே வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 72 மில்லி ஆம்பியர்-அவர், ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 500. இப்போது வாரம் ஒருமுறை செல்ஃப் அடிக்கிறோம். 80 ஆம்பியர் வீதம் 3 விநாடி சுழற்றினால் 67 மில்லி ஆம்பியர்-அவர் போகும். எஞ்சின் ஆயில் குளிரில் கெட்டியாகி, நாலைந்து முறை அடித்துத்தான் வண்டி எழுகிறது என்றால் ஏறக்குறைய 300-ஐத் தொட்டுவிடும். ஐட்லிங்கில் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தருவதில் பெரும்பகுதியை ஹெட்லைட்டும் ஃப்யூயல் பம்ப்பும் இக்னிஷனும் எடுத்துக்கொள்கின்றன. சாவி போட்டாலே ஹெட்லைட் எரியும் வண்டிகளில் அதை அணைக்கவும் வழியில்லை. மிச்சம் அரை ஆம்பியர் பேட்டரிக்குப் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் ஏறுவது 83 மில்லி ஆம்பியர்-அவர். ஸ்டார்ட் செய்ததற்குச் சரியாகப் போயிற்று. வாரம் முழுக்க ஒழுகிப்போன 500 ஒழுகியதுதான்.

இதில் எஞ்சினுக்கு வரும் கெடுதல் வேறு. பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் ஆவி உண்டாகும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும் முன்பே நிறுத்திவிட்டால் அந்த ஆவி சைலன்சருக்குள்ளும் எஞ்சின் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும், ஆயில் பால் கலந்தது போல வெளுக்கும். முக்கால் மணி நேரம் ரோட்டில் ஓட்ட முடியுமானால் ஓட்டுங்கள், வண்டிக்கு அதைவிட நல்லது கிடையாது. முடியாதென்றால் ஸ்டார்ட் பட்டனைத் தொடவே வேண்டாம்.

அப்படியானால் பேட்டரியை என்ன செய்வது? குளிரைப் பற்றிய ஒரு பயத்தை முதலில் விலக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றுபவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் முழுச் சார்ஜில் உள்ள லெட்-ஆசிட் (ஈயத் தட்டுகளும் ஆசிட்டும் கொண்ட) பேட்டரிக்குக் குளிர் நல்ல இடம். சும்மா வைத்திருக்கும் பேட்டரி தனக்குள்ளேயே சார்ஜை இழக்கும் வேகம், வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தது குளிர்ந்த அறையில் வைத்ததைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும். ஆகவே வெயில் காலத்தில் பைக்கை மூன்று மாதம் நிறுத்திவிட்டு வெளியூர் போகிறவர்களுக்கும் இந்தக் கடிதத்தில் சொல்வதெல்லாம் பொருந்தும், இன்னும் கறாராகவே பொருந்தும்.

குளிர் கொல்வது பட்டினி கிடக்கும் பேட்டரியை. சார்ஜ் இறங்க இறங்க ஆசிட்டில் உள்ள கந்தகம் தட்டுகளுக்குப் போய்விடுவதால் மிஞ்சுவது கிட்டத்தட்ட தண்ணீர். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியின் ஆசிட் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. பாதிச் சார்ஜில் இருப்பது மைனஸ் 20-ஐத் தாண்டினால் ஆபத்து. முழுக்க இறங்கிப்போனது மைனஸ் 10-க்குள்ளேயே உறையத் தொடங்கும். உறைந்தால் ஐஸ் விரிந்து தட்டுகளை வளைக்கும், பெட்டியைப் பிளக்கும். உறைந்த பேட்டரியில் சார்ஜரை மாட்டவே கூடாது. வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்க விட்டு, விரிசலோ கசிவோ இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. பக்கவாட்டுச் சுவர் புடைத்திருந்தால் அதோடு அந்தப் பேட்டரியின் கதை முடிந்தது.

உறையாவிட்டாலும் பட்டினி வேறு வழியில் வேலையைக் காட்டும். சார்ஜ் இறங்கும்போது இரண்டு வகைத் தட்டுகளின் மேலும் ஈய சல்பேட் படிவது இயல்பு, சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். படிந்தது வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால்தான் சிக்கல். மெல்லிய துகள்களாக இருந்தது கெட்டிப் படிகமாக வளர்ந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் அது கரையாது. தட்டில் அந்த அளவு இடம் நிரந்தரமாகப் போயிற்று. 9 ஆம்பியர்-அவர் பேட்டரி 5 ஆகிவிடும், 4 ஆகிவிடும். மீட்டரில் 12.7 வோல்ட் காட்டும், செல்ஃப் அடித்தால் ரிலே டக்டக் என்று அடிப்பதோடு நின்றுவிடும்.

இதனால்தான் எங்கள் வேலை எப்போதும் மல்டிமீட்டரில் தொடங்குகிறது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து, சிவப்பு முனையைப் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வைக்க வேண்டும். போல்ட் தலையில் வைக்காமல் பேட்டரியின் ஈய டெர்மினலிலேயே வைப்பது நல்லது, போல்ட்டில் பூத்திருக்கும் உப்பு அளவைக் கெடுக்கும். ஓட்டி வந்தவுடனோ சார்ஜரைக் கழற்றியவுடனோ அளந்தால் 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். அது தட்டின் மேற்பரப்பில் மட்டும் உள்ள சார்ஜ். குறைந்தது நாலு மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி விட்டு அளக்க வேண்டும். ஆசிட் ஊற்றும் வகைப் பேட்டரியில் 12.6-க்கு மேல் என்றால் முழுச் சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஏஜிஎம் என்கிற மூடிய வகை இதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும், முழுச் சார்ஜில் 12.8 முதல் 13.0 வரை. பலர் 12.2-ஐப் பார்த்துவிட்டு, பேட்டரி 12 வோல்ட்தானே, அதற்கு மேலேயே இருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். 12.4-க்குக் கீழே இறங்கியதை இறங்கியபடி விட்டால் மேலே சொன்ன படிகம் வளரத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இனி சார்ஜர். அமைதியாகப் பேட்டரிகளைக் கொல்வதில் சார்ஜருக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய ட்ரிக்கிள் சார்ஜர் என்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் டையோடும் மட்டும்தான். பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது, நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். போக இடமில்லாத கரண்ட் ஆசிட்டில் உள்ள தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். ஆசிட் மட்டம் இறங்கித் தட்டு வெளியே தெரியும், தெரிந்த பகுதி காய்ந்து கெடும். மூடிய வகையில் தண்ணீர் சேர்க்கவும் முடியாது, உள்ளே வறண்டு சாகும். அப்படி ஒன்றுதான் கையில் இருக்கிறதென்றால் மாதம் ஒருமுறை கணக்கு வைத்து மாட்டி, நேரம் வந்ததும் நீங்களே கழற்றுங்கள். கார் சார்ஜரும் வேண்டாம். 6 ஆம்பியர், 10 ஆம்பியர் கொடுக்கும் அது பைக் பேட்டரியைச் சூடேற்றித் தட்டை வளைக்கும்.

வாங்க வேண்டியது ஸ்மார்ட் சார்ஜர் அல்லது மெயின்டெய்னர் என்ற பெயரில் வருவது. வாங்கும்போது அட்டையில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று கரண்ட். பேட்டரியின் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு என்பது பொது அளவு, 9-க்கு 0.9. பைக்குக்கு 0.8 முதல் 1 ஆம்பியர் சார்ஜர் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சரியாக வரும். மிகச் சிறிய 3, 4 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் அரை ஆம்பியருக்குள் இருக்கட்டும். அடுத்தது ஃப்ளோட். முதலில் 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் தானாக 13.2 முதல் 13.8-க்குள் இறங்கி நிற்க வேண்டும். அந்த அளவில் பேட்டரி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டும் போகும், மாதக்கணக்கில் மாட்டியே விடலாம். மூன்றாவது, உங்கள் பேட்டரி வகைக்கு அதில் இடம் உண்டா என்பது. ஆசிட், ஏஜிஎம், ஜெல், லித்தியம் எல்லாம் ஒன்றல்ல.

சில சார்ஜர்கள் வெப்பநிலையை உணர்ந்து வோல்டேஜை மாற்றிக்கொள்ளும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 24 மில்லி வோல்ட் என்ற கணக்கு. 25 டிகிரியில் 13.6 போதும் என்றால் உறைநிலைக்கு அருகில் அதே பேட்டரி 14.2 கேட்கும். ஹீட்டர் இல்லாத ஷெட்டில் வண்டி நிற்கிறது என்றால் இந்த வசதிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. இல்லாத சார்ஜர் என்றால் குளிரில் கொஞ்சம் குறைவாக ஏற்றும், அவ்வளவே. தகரக் கூரைக்கு அடியில் கொதிக்கும் வெயிலில் அதே சார்ஜர் கூடுதலாக ஏற்றுவதுதான் கெட்டது.

ஷெட்டில் பிளக் பாயின்ட் இருந்தால் பேட்டரியைக் கழற்ற வேண்டியதே இல்லை. சார்ஜரோடு வரும் ரிங் வயரைப் பேட்டரி டெர்மினல்களில் நிரந்தரமாகப் போல்ட் போட்டு, மறுமுனையைப் பக்கவாட்டு கவருக்கு வெளியே எட்டும்படி விட்டுவிடலாம். பாசிட்டிவ் பக்கம் பியூஸ் இருக்க வேண்டும், அதுவும் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். வயர் எங்காவது ஃப்ரேமில் உரசித் தோல் உரிந்தால் வண்டியைக் காப்பாற்றுவது அந்தப் பியூஸ்தான். பெட்ரோல் டேங்குக்கு அடியிலும் ஹேண்டில் திரும்பும் இடத்திலும் வயர் நசுங்காமல் டேக் போட்டுக் கட்டுங்கள். சார்ஜ் போடாத நேரத்தில் முனையின் ரப்பர் மூடி போட்டே இருக்கட்டும். ஹேண்டிலில் உள்ள 12 வோல்ட் சாக்கெட் வழியாகவே ஏற்றலாமே என்று கேட்பார்கள். பல வண்டிகளில் சாவி இல்லாமல் அந்த சாக்கெட்டுக்கு இணைப்பே கிடையாது. சாவியைப் போட்டு வைத்தால் ஹெட்லைட் எரியும். வயர் போட்டுவிடுவதே தொல்லையில்லாத வழி.

பிளக் பாயின்ட் இல்லாதவர்கள் பேட்டரியைக் கழற்றத்தான் வேண்டும். இதில் வரிசை முக்கியம். சாவி ஆஃப். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். பைக்கின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை ஃப்ரேமில் பட்டால் நேரடி ஷார்ட். நூறு ஆம்பியருக்கு மேல் பாய்ந்து ஸ்பேனர் ஒட்டிக்கொள்ளும், போல்ட் உருகும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் பிறகு ஸ்பேனர் எங்கே பட்டாலும் ஒன்றும் நடக்காது. மாட்டும்போது தலைகீழ் வரிசை, பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

பல பைக் பேட்டரிகளில் டெர்மினலுக்குள் ஒரு சின்னச் சதுர நட் சும்மா உட்கார்ந்திருக்கும். போல்ட்டை எடுத்ததும் அது நழுவி ஏர் ஃபில்டர் பெட்டியின் பின்னால் எங்காவது விழும். கழற்றும் முன் அடியில் ஒரு துணியை விரித்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்த நட் போல்ட்டின் உயரத்துக்கு வராமல் கீழேயே உட்கார்ந்து ஆட்டம் காட்டும். அதன் அடியில் ஒரு சிறு ரப்பர் துண்டையோ ஸ்பாஞ்சையோ திணித்துத் தூக்கிக்கொடுத்தால் ஒரே திருகில் பிடித்துவிடும். ஆசிட் வகையில் பக்கவாட்டில் ஒரு மெல்லிய வென்ட் ட்யூபும் இருக்கும். திரும்ப மாட்டும்போது அது நசுங்காமல், செயினிலோ ஃப்ரேமிலோ சொட்டாத இடத்தில் தொங்க வேண்டும். நசுங்கினால் வாயு போக வழியின்றிப் பேட்டரி வெடிக்கும், செயினுக்கு மேல் தொங்கினால் ஆசிட் செயினைத் தின்னும்.

கழற்றிய பேட்டரியின் டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். நுரைப்பது நின்றால் ஆசிட் போயிற்று என்று அர்த்தம். அந்தச் சோடாத் தண்ணீர் ஒரு சொட்டும் செல்லுக்குள் போகக் கூடாது. பேட்டரியின் மேல்பக்கத்தையும் துடைத்துக் காய விடுங்கள், ஈரமும் அழுக்கும் சேர்ந்த படலம் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே மெல்லக் கரண்டைக் கடத்தும்.

ஆசிட் வகையில் அப்பர், லோயர் என்று இரண்டு கோடுகள் இருக்கும். ஆறு செல்லிலும் மட்டம் அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், கடையில் பாட்டிலில் விற்கும் குடிதண்ணீரும் வேண்டாம், அவற்றில் உள்ள உப்புகள் தட்டைக் கெடுக்கும். ஆசிட் சேர்க்கவே கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. தட்டு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவு ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள். மேல்கோடு வரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு. சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால், முன்பே நிரப்பினால் வழிந்துவிடும். மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று போட்ட பேட்டரியின் மேல் ஒட்டிய பட்டையைப் பிரிக்கும் ஆர்வத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். ஒருமுறை திறந்தால் அதன் வால்வு மறுபடி அதே மாதிரி மூடாது.

சார்ஜ் போடும்போது கிளிப்பை முதலில் பேட்டரியில் மாட்டிவிட்டுப் பிறகு சுவர் சுவிட்ச். எடுக்கும்போது முதலில் சுவிட்ச், பிறகு கிளிப். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் ஆனாலே தீப்பற்றும். கிளிப் உதறும் ஒரு பொறி போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் சிகரெட் கூடாது. 12.2-இல் உள்ள 9 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு நாலரை ஆம்பியர்-அவர் ஏற வேண்டும். 0.9 ஆம்பியரில் கணக்குப்படி ஐந்து மணி நேரம், கடைசியில் வேகம் குறைவதால் நடைமுறையில் ஏழெட்டு மணி நேரம். நடுவே தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, புடைப்பு, அழுகிய முட்டை வாசம் இவற்றில் எது வந்தாலும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். உள்ளே ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்கும், இனி அது உதவாது.

இப்படிக் கழற்றி வைத்த ஏஜிஎம் நல்ல நிலையில் இருந்தால் மாதம் சில சதவீதமே இறங்கும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து 12.6-க்குக் கீழே வந்தால் சார்ஜ் போட்டால் போதும். ஆசிட் வகைக்கு மாதம் ஒருமுறை. பேட்டரியைச் சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று இன்றும் பலகை தேடுபவர்கள் உண்டு. மரப்பெட்டியிலும் கெட்டி ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டி தரையில் இருந்தாலும் அலமாரியில் இருந்தாலும் ஒன்றே. பலகை வைப்பதால் நஷ்டமும் இல்லை.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதில் பாதியை மறந்துவிட வேண்டும். பைக்கில் வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், நாலு செல். முழுச் சார்ஜில் 13.3-க்கு மேல் காட்டும். 12.8 என்பது லெட்-ஆசிட்டில் நல்ல செய்தி, இதில் சார்ஜ் வெகுவாக இறங்கிவிட்டது என்று பொருள். தானாக இறங்கும் வேகம் மிகக் குறைவு என்பதால் நெகட்டிவைக் கழற்றிவிட்டாலே ஒரு குளிர்காலம் தாங்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் போடக் கூடாது. லித்தியம் உலோகமாகவே உள்ளே படிந்து செல்லைக் கெடுக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஏற்றுங்கள். டீசல்பேஷன் என்கிற பழுதுநீக்கும் பட்டன் உள்ள லெட்-ஆசிட் சார்ஜரை இதில் மாட்டவே கூடாது, அது அனுப்பும் உயர் வோல்டேஜ் துடிப்பை லித்தியம் தாங்காது. மிகவும் இறங்கிப்போனால் உள்ளே உள்ள பாதுகாப்பு போர்டு இணைப்பைத் துண்டித்து மீட்டரில் சுழியம் காட்டும், செத்துவிட்டது என்று தூக்கிப்போடும் முன் லித்தியம் சார்ஜரில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். குளிர்ந்த காலையில் செல்ஃப் மந்தமாக இருந்தால் ஒரு நிமிடம் ஹெட்லைட்டை எரியவிட்டுப் பிறகு அடியுங்கள், கரண்ட் ஓடிச் செல் சூடாகும், இரண்டாம் முறை பலமாகச் சுற்றும்.

அந்த டீசல்பேஷன் பட்டனைப் பற்றி இன்னும் ஒரு சொல். இளம் படிவத்தைக் கொஞ்சம் கரைக்கும், உண்மைதான். ஆறு மாதம் காலியாகக் கிடந்ததை உயிர்ப்பிக்கும் என்ற விளம்பரத்தை நாங்கள் நம்புவதில்லை. போட்டுப் பார்ப்பதானால் பேட்டரியை வண்டியிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டுப் போடுங்கள். 15 வோல்ட்டைத் தாண்டும் துடிப்பு இசியூவுக்குப் போகக் கூடாது.

சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அது நிறைந்தது என்கிறதே தவிர, எவ்வளவு பெரிய பாத்திரம் நிறைந்தது என்று சொல்வதில்லை. படிகம் பிடித்த பேட்டரி ஒரு மணி நேரத்திலேயே பச்சைக்கு வந்துவிடும், அந்த அவசரமே சந்தேகத்துக்கு இடம். கழற்றி ஒரு நாள் சும்மா வைத்து அளந்தால் 12.5-க்குக் கீழே விழுந்திருக்கும். இன்னொரு சோதனை, மீட்டரை டெர்மினலில் வைத்தபடியே செல்ஃப் அடிப்பது. சுழலும்போது 9.6-க்குக் கீழே போகாத லெட்-ஆசிட் பேட்டரி வேலைக்கு ஆகும்.

சார்ஜரும் சரி, பேட்டரியும் சரி, ஆனாலும் இரண்டே வாரத்தில் இறங்குகிறது என்றால் வண்டியில் கசிவு இருக்கிறது. சாவி ஆஃபில் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, வயருக்கும் நெகட்டிவ் டெர்மினலுக்கும் நடுவே இணையுங்கள். இசியூ உறங்கச் சில நிமிடங்கள் எடுக்கும், காத்திருந்து பாருங்கள். அளவு மிகச் சிறியது என்று தெரிந்த பிறகு மில்லி ஆம்பியர் ரேஞ்சுக்கு மாறலாம். மீட்டர் இப்படி இருக்கும்போது மறந்தும் சாவியைப் போடக் கூடாது, செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். 10 மில்லி ஆம்பியர் காட்டினால் மாதத்துக்கு 7.2 ஆம்பியர்-அவர், அதாவது 9 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட காலி. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. எங்கள் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியவை வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரம், ஜிபிஎஸ் ட்ராக்கர், மொபைல் சார்ஜர். இவை எப்போதும் கரண்ட் உள்ள வயரில் இணைக்கப்பட்டிருந்தால் சாவி எடுத்தாலும் ஓயாது. பியூஸ் எல்லாவற்றையும் எடுத்தும் அளவு குறையவில்லை என்றால் சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் யூனிட்டின் கப்ளரைப் (வயர் இணைப்பை) பிரித்துப் பாருங்கள், உள்ளே டையோடு கசிந்தால் பேட்டரி அந்த வழியாக இறங்கும்.

குளிர் முடிந்து வண்டியை எடுக்கும் நாளில் பேட்டரியை மாட்டி, டெர்மினலில் லேசாக வாசலின் தடவி, எஞ்சினை ஓடவிட்டு 4000 ஆர்பிஎம் அளவில் டெர்மினலில் ஒருமுறை அளந்துவிடுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி. 13-ஐத் தாண்டவில்லை என்றால் ஸ்டேட்டர் (ஆல்டர்னேட்டரின் கரண்ட் உண்டாக்கும் சுருள்) அல்லது ரெகுலேட்டர், 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர். இந்த இரண்டு நிலையிலும் புதுப் பேட்டரி வாங்கி மாட்டுவது வீண் செலவு, அதையும் அதே கோளாறு தின்றுவிடும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன எலெக்ட்ரீஷியன்கள் இருவர்